முதல் கட்டம் காலி

ஆட்டோக்காரர் பாட்டின் சத்தத்தைக் கூட்டியதும் முபீனாக்கா முன்னால் சாய்ந்து அவர் தோளைத் தட்டினார்.

"அண்ணே, அதை அணைங்க."

"நகைக்கடை விளம்பரம்மா. ஊரெல்லாம் இதான் ஓடுது. நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. திருட்டுச் சாமான் எப்பவும் நல்லாத்தான் இருக்கும். அணைங்க."

அணைத்துவிட்டார். முபீனாக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று காலையிலிருந்து இறங்கியே கிடந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளைம் பிடிக்கும் வேலையில் இருந்தவர். மேலதிகாரியின் மச்சான் போட்ட கிளைமையும் பிடித்ததால் வேலை போய், தெற்கு மாசி வீதியில் ஒரு மாடியைப் பிடித்துத் துப்பறியும் அலுவலகம் வைத்தார். நான் நல்லகாமன், அவருடைய உதவியாளன். டீ வாங்குவது, லேப்டாப்பைத் தூக்குவது, அக்கா மரியாதைக்காகத் திட்டாமல் விட்டவர்களைத் திட்டுவது, இவை மூன்றும் என் இலாகா.

விஷயம் இதுதான். சாதிகா என்ற பெண் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் எம்.ஏ. படிக்கிறாள். சாயங்காலங்களில் திருநகரில் அசோக்குமார் என்பவரின் ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் வேலை. அங்கே பின் அறையில் நெட் இணைப்பு இல்லாத பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. அதில் 'சுரப்பலகை' என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் உட்கார்ந்து மெட்டுப் போடுவாள். சுரப்பலகை ஒரு இணையதளம். திரையில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும், ஒரு கட்டத்துக்குள் எத்தனை புள்ளி வேண்டுமானாலும் வைக்கலாம், ஒவ்வொன்றும் ஒரு சுரமாக ஒலிக்கும். நெட் இல்லாதவர்களுக்கென்று அதற்கே ஒரு டெஸ்க்டாப் பதிப்பும் உண்டு. சாதிகா பயன்படுத்தியது அதைத்தான். அதில் செய்கிற பாட்டு அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும்.

அவள் போட்ட மெட்டு ஒன்று போன மாதம் நகைக்கடை விளம்பரமாக வந்தது. இசை அசோக்குமார். போய்க் கேட்டாள். மறுநாளே அந்தக் கம்ப்யூட்டரை சுத்தமாக அழித்துவிட்டு, தன் பாட்டை அவள் திருடி போனில் ஏற்றிக்கொண்டாள் என்று போலீசில் புகார் கொடுத்துவிட்டார் மனிதர். அவருடைய சுரப்பலகை இணையக் கணக்கில் பாட்டு இருக்கிறது, தேதியோடு. அவள் போனில் இருந்த பாட்டுக்கு அதற்குப் பிந்திய தேதி. இன்று நாலு மணிக்கு அவருடைய ஸ்டூடியோவில் அவள் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வழக்கு.

திருடியவன் புகார் கொடுக்கிறான், பறிகொடுத்தவள் மன்னிப்புக் கேட்கிறாள்.

ஆட்டோ டவுன்ஹால் ரோட்டில் சாதிகாவின் அப்பா முஜிபுர் ரஹ்மானின் கடை வாசலில் நின்றது. சூட்கேஸும் டிரங்குப் பெட்டியும் விற்கும் கடை. பலகையில் மேலே 786, நடுவில் கடையின் பெயர், அடியில் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை'.

"வாம்மா முபீனா" என்றார் ரஹ்மான் பாய். "நீ மெனக்கெட வேணாம். நான் முடிவு பண்ணிட்டேன். கையெழுத்தப் போட்டுட்டு வந்துரட்டும். பொம்பளப் புள்ள கோர்ட்டு வாசல்ல நிக்கக் கூடாது."

"திருடின்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டு வாசல்ல நிக்கலாமாண்ணே?"

"பாட்டு வேலையே நமக்கு வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாளா?" என்று சொல்லிவிட்டு, வந்த வாடிக்கையாளருக்காக மேலே தொங்கிய பெட்டியைக் கொக்கிக் கம்பால் இறக்கப் போனார்.

சாதிகா மூலையில் ஸ்டூலில் இருந்தாள். கையில் தட்டச்சு செய்த தாள். 'திரு. அசோக்குமார் அவர்களின் பாடலை அவர் அனுமதியின்றித் திருடினேன்' என்று தொடங்கியது. நான் இரண்டாம் வரிக்குப் போகவில்லை.

"போன்ல வேற பாட்டு வச்சிருக்கியா?" என்றார் அக்கா.

"கொஞ்சம்தான்க்கா. ஃபிரண்ட்ஸுக்கு அனுப்பினது மட்டும். மத்ததெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு."

ஒன்றைப் போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்த நேரத்தில் பாட்டு தொடங்கியது. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

"எல்லாப் பாட்டும் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வருதுக்கா" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. தன் போனில் அசோக்குமாரின் இணையக் கணக்கைத் திறந்தார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அவரே விட்டு வைத்திருந்த பக்கம். நகைக்கடை மெட்டின் முதல் கட்டம் காலி. பாட்டு இரண்டாம் கட்டத்தில்தான் தொடங்கியது.

"இந்தாளோட மத்த விளம்பரமெல்லாம் பாரு நல்லகாமா. முதல் கட்டத்துலயே டமார்னு ஆரம்பிக்குது. விளம்பரக்காரன் ஒரு நொடியச் சும்மா விடமாட்டான். இதுல மட்டும் ஏன் ஒரு கட்டம் தள்ளி?" அவர் சாதிகாவின் பக்கம் திரும்பினார். "உன் பாட்டு எல்லாத்துலயும் முதல் கட்டம் காலியா கெடக்கே, ஏம்மா?"

சாதிகாவின் கண் அப்பாவின் முதுகுக்குப் போய்த் திரும்பியது.

"சும்மா... பழக்கம்க்கா."

பொய் சொல்லிப் பழகாத பெண். அக்கா அதற்குமேல் கேட்காமல் எழுந்துவிட்டார்.

திருநகர் போகிற வழியில், பசுமலையில் ஒரு டீக்கடை முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். பெஞ்சில் லேப்டாப்பை விரித்து, என் போனிலிருந்து நெட் எடுத்து, சுரப்பலகையின் டெஸ்க்டாப் பதிப்பை இறக்கினேன். இறங்கி முடிப்பதற்குள் டீ இரண்டாவது முறை வந்தது.

"முதல் கட்டத்துல ஒரு புள்ளி வை" என்றார் அக்கா. வைத்தேன். "சத்தத்தப் பூஜ்யமாக்கு." ஆக்கினேன். புள்ளி திரையில் இருந்தது, ஓட விட்டால் ஒன்றும் கேட்கவில்லை. "இப்ப அதைச் சேமிச்சு, நெட்டுல இருக்கிற சுரப்பலகையில ஏத்து."

ஏற்றினேன். முதல் கட்டம் வெறுமையாக வந்தது.

"புள்ளியக் காணோம்க்கா!"

"கேக்காத புள்ளி அதுக்குக் குப்பை. பெருக்கித் தள்ளிட்டுத்தான் தெறக்குது. பழைய ஃபைல டெஸ்க்டாப்புல மறுபடி தெற."

திறந்தேன். புள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது.

"இது போட்டது போட்டபடி கெடக்கிற வீடு" என்றார்.

"நம்ம ஆபீஸ் மாதிரி."

இதற்கும் சிரிக்கவில்லை. சாதிகாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "சாதிகா, அந்த முதல் கட்டம் காலி இல்ல. சத்தமில்லாம எதையோ வச்சிருக்க. சரியா?"

அவள் குரல் கிசுகிசுத்தது. "அக்கா, அதைத் தெறக்காதீங்க. அத்தாவும் கூட வாராங்க. அவங்க முன்னாடி வேணாம்."

"திருட்டுப் பட்டம் பரவாயில்லையா?"

"அது ஊர்ல உள்ளவங்க நெனைக்கிறதுக்கா. இது என்னப் பெத்த அத்தா." போன் அணைந்துவிட்டது.

"அப்படி என்னத்தக்கா வச்சிருக்கும்? காதலன் பேரா?"

"உன் புத்தி அங்கதான் போகும்." அக்கா டம்ளரை ஓசை கேட்க வைத்தார். "எனக்குத் தெரியுது என்னன்னு. அதை ஒரு பொண்ணு பயந்து மறைக்க வேண்டியிருக்கு பாரு, அதுக்கே எவனையாச்சும் அடிக்கணும் போல இருக்கு."

"அசோக்குமாரை அடிங்கக்கா. பக்கத்துலதான் இருக்காரு. ஆனா ஃபைல் எங்க? கம்ப்யூட்டரத்தான் அழிச்சிட்டானே."

"பின்ன நெட்டுல எதை ஏத்துனான்? அழிக்கிறதுக்கு முந்தி எடுத்து வச்சிருப்பான், நெட்டுல மட்டும்தான் தெறந்து பாத்திருப்பான். போலீஸ் கேட்டா மூலம்னு காட்ட ஒண்ணு வேணும்ல. அதை அவன் வாயாலயே குடுக்க வைக்கணும்."

ஸ்டூடியோ வாசலில் பூசணிக்காய் தொங்கியது. உள்ளே ஏசி, பெரிய மேசை, நகைக்கடைக்காரர் சால்வை போர்த்துகிற புகைப்படம். மேசைக்குப் பின்னால் அசோக்குமார், பக்கத்தில் சாட்சிக்கு வந்திருந்த ஏட்டு விருமாண்டி. ரஹ்மான் பாயும் சாதிகாவும் எங்களுக்கு முன்பே வந்து எதிரே நின்றிருந்தார்கள். நிற்க வைத்திருந்தார். மூன்று நாற்காலி காலியாக இருந்தது. எனக்கு அங்கேயே கை முறுக்கியது.

"அந்தப் பொண்ணுக்காக டிடெக்டிவா?" என்று அசோக்குமார் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "மேடம், சின்னப் புள்ள, ஏதோ ஆசையில எடுத்திருச்சு. நான் பெருசாக்க விரும்பல. கையெழுத்து போதும்."

"உங்க பெருந்தன்மை யாருக்கு சார் வரும்?" என்றார் அக்கா. நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். "எனக்கும் நீங்க சொல்றதுதான் சரின்னு படுது. ஒரே ஒரு சங்கடம். வெப்சைட்டுல இருக்கிறது நீங்க ஏத்துன தேதி. செஞ்ச தேதி எங்கேன்னு நாளைக்கு எவனாச்சும் வக்கீல் நோண்டுவான். மூல ஃபைல் உங்ககிட்ட இருந்தா ஏட்டையா முன்னாடியே எல்லார் வாயையும் அடைச்சிரலாம்."

அசோக்குமார் சாவிக்கொத்திலிருந்து ஒரு பென் டிரைவைக் கழற்றி மேசையில் போட்டார். "இந்தாங்க மூலம். நான் செஞ்சது. ஒரு புள்ளி மாத்தல. யாரும் தொட்டதில்ல."

"ஏட்டையா, கேட்டுக்கங்க. ஒரு புள்ளி மாத்தல, யாரும் தொட்டதில்ல." அக்கா உட்கார்ந்தார். "ஆமா சார், இதுல முதல் கட்டம் காலியா இருக்கே. எதுக்கு?"

"அதுவா? பாட்டுக்கு முந்தி ஒரு மூச்சு விடணும் மேடம். அதான் என் ஸ்டைல். அந்தக் கட்டத்துல ஒண்ணுமே இருக்காது. இசை தெரிஞ்சவங்களுக்குப் புரியும்."

"எனக்குத் தெரியாதுல்ல. அதான் கேட்டேன்."

பென் டிரைவை லேப்டாப்பில் செருகினேன். அக்காவின் கை நின்றது. சாதிகாவைப் பார்த்தார்.

"தெறக்கவாம்மா? நீ சொன்னாத்தான்."

சாதிகா அப்பாவைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள். 'திருடினேன்' என்ற சொல்லின் மேலேயே அவள் கட்டைவிரல் இருந்தது. மெல்லத் தலையசைத்தாள்.

டெஸ்க்டாப் பதிப்பில் ஃபைல் திறந்தது. முதல் கட்டத்தில் புள்ளிகள் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூன்று தூண்கள். எல்லாவற்றுக்கும் சத்தம் பூஜ்யம்.

அசோக்குமார் எழுந்து வந்து திரையைக் குனிந்து பார்த்தார். அவர் முகத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

"ஒண்ணுமே இருக்காதுன்னீங்க?" என்றார் அக்கா.

"அது... சவுண்டு செக்குக்காக நான்தான் வச்சேன். மறந்துட்டேன்."

"சத்தமே வராத புள்ளிய வச்சு என்னத்த சார் சவுண்டு செக்?" என்றார் விருமாண்டி. அதுவரை அவர் விழித்திருப்பதே எனக்குத் தெரியாது.

அசோக்குமாரின் குரல் உயர்ந்தது. "அப்ப இவதான்! இங்க வேலை பாக்கிறப்ப என் ஃபைலுக்குள்ள புகுந்து எதையோ வச்சிருக்கா!"

"யாரும் தொட்டதில்லன்னு இப்பதான் சொன்னீங்க."

"என் தலையத் திங்காதீங்க. இவ பாட்டுன்னா இவளே சொல்லட்டும். அது என்ன? எதுக்கு வச்சே? சொல்லு பாப்போம்!"

எல்லோரும் சாதிகாவைப் பார்த்தோம். அவள் வாய் திறந்தது. அப்பாவின் பக்கம் பார்த்ததும் மூடிக்கொண்டது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு விடை தெரியும். ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து பிடுங்க அவருக்கு மனமில்லை.

"பாத்தீங்களா?" அசோக்குமார் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். "அவளுக்கே தெரியல. ஏட்டையா, நேரமாகுது. கையெழுத்தப் போடச் சொல்லுங்க."

சாதிகா பேனாவை வாங்கிவிட்டாள்.

அப்போதுதான் ரஹ்மான் பாய் நகர்ந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேசையைச் சுற்றி வந்து, லேப்டாப்பின் முன்னால் குனிந்தார். திரையில் விரலை வைத்து முதல் தூணைக் கீழிருந்து மேலாக எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது. அடுத்த தூண். அதற்கடுத்தது. எண்ணி முடித்தவர் நிமிரவில்லை. மறுபடி முதலிலிருந்து எண்ணினார், இந்த முறை சத்தமாக.

"ஏழு. எட்டு. ஆறு."

"பாட்டுக்கு மேலயா போட்ட?" அவர் குரல் உடைந்திருந்தது. கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"எதை ஆரம்பிச்சாலும் பிஸ்மில்லாவுக்கு அடையாளமா 786 போடணும்னு நீங்கதான அத்தா சொல்லிக் குடுத்தீங்க." சாதிகா அழுதுவிட்டாள். "பாட்டுக்குப் போட்டா உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். போடாம ஆரம்பிக்க எனக்கு மனசு வரல. அதான் யாருக்கும் கேக்காம, யார் கண்ணுலயும் படாம வச்சேன்."

அதை மறைக்கத்தான் இந்தப் பெண் திருடி என்று எழுதிக் கொடுக்கத் துணிந்தாள். நான் விருமாண்டியைப் பார்த்தேன். அவர் தொப்பியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு அசோக்குமாரை முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், வாசல்ல பூசணிக்கா, ஃபைலுக்குள்ள எழுநூத்தி எம்பத்தாறா? இதுவும் உங்க ஸ்டைலா?"

"ஏட்டையா, இது ஏதோ தற்செயலா..."

"உக்காருங்க. புகாரை நீங்க வாபஸ் வாங்குறது இருக்கட்டும். இப்ப அந்தப் புள்ள புகார் குடுத்தா நான் வாங்கணும்."

அசோக்குமார் உட்கார்ந்தார். ஒரு நிமிடத்தில் குரல் குழைந்துவிட்டது. அந்தக் குழைவைக் கேட்க, முன்பு இருந்த திமிரே தேவலை என்று இருந்தது. "பாய், நாம பேசித் தீத்துக்குவோம். நகைக்கடைக்காரங்ககிட்ட சொல்லி இவ பேரையும் என் பேரோட சேத்துப் போட்டுர்றேன். இசை, அசோக்குமார் அண்டு சாதிகா. போதும்ல? பாட்டுதான் திரும்பக் கெடைச்சிருச்சே."

"ஒரு பாட்டு" என்றாள் சாதிகா.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அழுகை நின்றிருந்தது. அன்று முழுவதும் நான் கேட்டிராத குரல் அது.

"நீங்க ஒரு பாட்டத்தான் சார் எடுத்தீங்க. அது என்னுதுன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அந்தக் கம்ப்யூட்டர் மொத்தத்தையும் அழிச்சீங்களே, அதுல இருந்ததெல்லாம்? அது நெட்டுல இல்ல. வேற எங்கயும் இல்ல. அங்க மட்டும்தான் இருந்துச்சு."

அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். நாங்கள் பிடித்தது ஒன்றைத்தான், போனது எவ்வளவு என்று நாங்கள் கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கணக்கில் நாங்கள் ஜெயித்ததாக எப்படிச் சொல்வது?

ரஹ்மான் பாய் மகளின் கையிலிருந்து மன்னிப்புக் கடிதத்தை வாங்கினார். திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே இருக்கும்படி அசோக்குமாரின் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"எழுதுங்க."

"என்ன பாய் எழுத?"

"அழிச்சதை. என் மக பேரு பேராச் சொல்லுவா. நீங்க உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நீ சொல்லும்மா. நானும் கேக்கிறேன்."

சாதிகா காலியாக இருந்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அசோக்குமாருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். ஒவ்வொரு பாட்டின் பெயராகச் சொல்லத் தொடங்கினாள். தடுமாறவில்லை, யோசிக்கவில்லை. வைகை வறண்டு கிடந்தபோது போட்ட மெட்டு. சிநேகிதியின் கல்யாணத்துக்கென்று போட்டு, கூச்சத்தில் அனுப்பாமல் விட்டது. தூக்கம் வராத தம்பிக்குப் போட்டது. அசோக்குமார் எழுதினார். விருமாண்டி அவர் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டு நின்றார். ரஹ்மான் பாய் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கம் பாதி தாண்டியதும் அசோக்குமார் பேனாவைக் கீழே வைத்து விரலை உதறினார்.

"இன்னும் எம்புட்டும்மா இருக்கு?"

"ஏன் சார்" என்றாள் சாதிகா, "அழிக்கிறப்ப எண்ணிப் பாக்கலையா?"